வேட்டித் திரைக்கு எந்தப் படம்?

மாட்டுப் பொங்கல் ராத்திரி பெரியப்பா வீட்டுக் களத்தில் படம் போடலாம் என்று முடிவானது. மச்சான் சின்னதாக ஒரு புரொஜக்டர் வாங்கியிருந்தான். திரைக்கு அப்பாருவின் எட்டு முழ வேட்டி. எந்தப் படம் என்பதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசியில் சின்னக் கவுண்டர், தேவர் மகன், அமைதிப்படை மூன்றும் நின்றன. நான் அமைதிப்படையைப் போட்டேன், வசவும் வாங்கினேன்.

சின்னக் கவுண்டருக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. 1992 பொங்கலுக்கு வந்த படம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதுதான் சிக்கலே. கவுண்டமணி வாயைத் திறக்குமுன் ஆத்தா வசனத்தைச் சொல்லிப்போடும்.

தேவர் மகன்தான் மூன்றிலும் உசத்தி. கதை தெக்கத்திச் சீமை என்றாலும் எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். "நம்ம பக்கத்துக் காட்டைப் பாக்கலாமுல்லடா" என்பது பெரியப்பாவின் கட்சி. நானும் அதற்குத்தான் சாய்ந்திருந்தேன், முதல் நாள் ராத்திரி மூன்றையும் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் வரை.

புரொஜக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. படத்தில் இருட்டு வரும் இடத்தில் அது வெளிச்சம் தராமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் தெரிவது வேட்டியின் நிறம். பக்கத்துப் பட்டியில் டியூப் லைட் எரிந்தால் அந்த இருட்டு சாம்பலாகிவிடும். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் நிழலை வைத்தே பாதிக் கதையைச் சொன்ன படம் தேவர் மகன். எங்கள் களத்தில் சிவாஜியின் மீசை தெரிந்தது, கண் தெரியவில்லை. கண் தெரியாத சிவாஜியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அமைதிப்படைக்கு இந்தத் தொல்லையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் பாதிப் படம் காதில் ஓடும். சூலூர்க்காரர் மணிவண்ணனும் கோயமுத்தூர்க்காரர் சத்யராஜும் சேர்ந்தால் வேறென்ன, குசும்புதான். அந்த ஓட்டு எண்ணும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னணி ஏற ஏற, நாற்காலி நுனியில் பம்மிக்கொண்டிருந்த அமாவாசை, அதாவது சத்யராஜ், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் கால்மேல் கால் போடுகிறார். அவரைத் தேர்தலில் நிறுத்திய மணிவண்ணனோ அதே அளவுக்குச் சுருங்குகிறார். வேட்டி காற்றில் ஆடியபோதும் அது கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. 1994 படம் என்று சொன்னால் சின்னப் பையன்கள் நம்பவில்லை.

குறை இல்லாமல் இல்லை. அல்வா காட்சி வந்ததும் லென்ஸ் மேல் கையை வைத்து மறைத்தேன். "என்ன சாமி, கரண்ட் போயிருச்சா?" என்றது அம்முச்சி. பொம்பளைப் பிள்ளையை ஏமாற்றுவதைச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது இன்றைக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. போலீஸ் மகன் கதை எனக்கு எப்போதுமே இழுவைதான். 2013இல் வந்த அடுத்த பாகத்தைப் பேச்சுக்கே எடுக்கவில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். தேவர் மகனை நான் டிவியில் பார்த்ததோடு சரி, தியேட்டரில் பார்த்ததில்லை. நல்ல திரையில் பார்த்திருந்தால் இவ்வளவு லேசாகக் கைவிட்டிருப்பேனா, தெரியாது. பெரியப்பா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆடி நோம்பிக்கு அவர் படம்தான் என்று சொல்லியிருக்கிறேன். திரைச்சீலை அவர் செலவு, பட்டி லைட்டை அணைப்பதும் அவர் பாடு.