எங்கள் ஊர் அரசுத் தொடக்கப்பள்ளி: அடைவுத் தேர்வுகளை அங்கே நடத்தும் விதம் குறித்து ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் என் மகளை மூன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் சேர்த்தேன். அதற்கு முன் அவள் ஓர் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் படித்தாள். கட்டடம், கழிப்பறை, காலை உணவு ஆகிய மூன்றிலும் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதால் அவற்றை இத்துடன் விட்டுவிட்டு, பிள்ளைகள் எதைக் கற்றிருக்கிறார்கள் என்று அறிய நடத்தும் அடைவுத் தேர்வுகளை இந்தப் பள்ளி எப்படிக் கையாள்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாமல் போன செய்தி அதுதான்.

முந்தைய பள்ளியின் கடைசி மதிப்பெண் பட்டியலில் கணக்குக்கு 96 போட்டிருந்தார்கள். புதிய பள்ளியில் முதல் வாரம் நடந்த அடிப்படை மதிப்பீட்டில் 402லிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் 376 என்று எழுதியிருந்தாள். வகுப்பாசிரியை என்னை அழைத்து, அந்தத் தாளை மேசைமேல் விரித்து வைத்தார். "பிள்ளைக்குக் கழிக்கத் தெரியாம இல்லம்மா. ஒவ்வொரு இடத்துலயும் பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணக் கழிச்சு வச்சிருக்கா, பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். எட்டிலிருந்து இரண்டு போக ஆறு, ஏழிலிருந்து பூச்சியம் போக ஏழு, நான்கிலிருந்து ஒன்று போக மூன்று. கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்குப் புரியவே இல்லை என்பதை அந்த ஒரே விடை சொல்லிவிட்டது. 96 என்ற எண் அதை என்னிடமிருந்து ஓராண்டு முழுவதும் மறைத்து வைத்திருந்தது.

அதன்பின் ஆசிரியை செய்ததுதான் என்னை இந்த மதிப்பீட்டை எழுத வைக்கிறது. தென்னை ஈர்க்கில்களைப் பத்துப் பத்தாகக் கட்டி, அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு நூறாகக் கட்டி, நான்கு நூறுகளையும் இரண்டு தனி ஈர்க்கில்களையும் மகளின் முன் வைத்தார். எட்டை எடுக்க வேண்டும், தனியாக இருப்பதோ இரண்டு; பத்தின் கட்டும் ஒன்றுகூட இல்லை; அப்படியானால் ஒரு நூறை அவிழ்த்தே ஆக வேண்டும் என்பதை அவள் தன் கையால் அவிழ்த்துக் கண்டுபிடித்தாள். பத்து நாட்களுக்குள் அந்தத் தவறு முற்றிலும் நின்றுவிட்டது. நல்ல அடைவுத் தேர்வில் தேர்ந்தெடுக்கத் தரப்படும் தவறான விடைகள்கூட இப்படிப்பட்ட பிழைகளை எண்ணித்தான் அமைக்கப்படுகின்றன; ஆனால் அந்த விடையைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் இல்லாவிட்டால் அது வெறும் ஒரு மதிப்பெண் குறைவாகவே முடிந்துவிடும்.

2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்த, தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். என் மகள் தமிழில் மொட்டு, கணக்கில் அரும்பு என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு மனம் மிகவும் கனத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. பிள்ளை பின்தங்கியிருக்கிறாள் என்பதை இங்கே எந்தத் தாயும் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆயினும் எந்த நிலை, ஏன் அந்த நிலை, அடுத்த நிலைக்கு என்ன தேவை என்பதை பாடம் நடக்கும்போதே இடையிடையே நடத்தும் ஒவ்வொரு வளரறி மதிப்பீட்டுக்குப் பின்னும் விடைத்தாளோடு காட்டிச் சொன்னதால், ஒளிவுமறைவற்ற அந்தப் பேச்சின்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் வினாவில் பலாப்பழத்துக்கு ஒரு சிறுவன் எங்கள் ஊர்வழக்கில் 'சக்கை' என்று எழுதியிருந்தான். விடைக்குறிப்பின்படி அது தவறு. ஆசிரியை அவனை அருகே அழைத்து, "மக்களே, இது என்ன சக்க?" என்று கேட்டார், அவன் படத்தை உற்றுப் பார்த்து, "வருக்க, டீச்சர்" என்றான். பலாவின் இரு வகைகளான கூழனையும் வருக்கையையும் பிரித்தறியும் பிள்ளைக்குப் பழத்தின் பெயர் தெரியாது என்று எப்படிச் சொல்வது? ஊர்ச்சொல்லையும் பாடநூல் சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, இரண்டும் நம்முடையவையே, தேர்வில் பாடநூல் சொல்லை எழுத வேண்டும் என்று அவர் விளக்கினார். மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் பகுதியில் இந்தப் புரிதல் இல்லாத ஆசிரியரிடம் பிள்ளைகள் தேவையில்லாமல் மதிப்பெண் இழக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. 2024 டிசம்பர் 4ஆம் தேதி நாடு முழுவதும் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு 'பராக்' என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பு நடத்திய அடைவு ஆய்வுக்கு முந்தைய இரண்டு வாரங்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சித்தாள்களைத் தவிர வேறு எதுவும் வகுப்பில் நடக்கவில்லை. கதை சொல்லும் நேரம்கூட நிறுத்தப்பட்டது. மாதிரி முறையில் பள்ளிகளைத் தேர்ந்து, மாவட்டமும் மாநிலமும் எங்கே நிற்கின்றன என்று அறிவதற்காக நடத்தும் ஆய்வு அது. தனிப் பிள்ளைக்கு அதில் மதிப்பெண் கிடையாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தால், எங்களில் பலர் வீட்டிலும் பிள்ளைகளை விரட்டியிருக்க மாட்டோம். மேலும், பதினான்கு பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினாலே தேர்ச்சி விழுக்காடு ஏழு புள்ளி இறங்கிவிடும் என்பதால், இத்தகைய சிறு பள்ளிகளை விழுக்காட்டைக் கொண்டு வரிசைப்படுத்துவது சரியே அல்ல.

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருப்பது இதைவிடப் பெரிய குறை. மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் பதிவேற்ற ஒருவர் அமர்ந்துவிட்டால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கிறார். மழைநாளில் இணையம் தடைபட்டால் அது பிற்பகல் வரை நீளும்.

பக்கத்து ஊர்களிலிருந்து சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க: பள்ளிக்கு வேன் கிடையாது, பேருந்து நிறுத்தத்திலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். நான் குறிப்பிட்ட ஆசிரியை வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தைக் காலியாக விடாமல் ஜூனிலேயே நிரப்பக் கோரிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.