எடை போட்ட பிறகே டயர் கொடுத்த கடை

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு டயர் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், நான் கேட்ட டயரை அவர்கள் எனக்கு விற்க மறுத்ததுதான். எங்களுடையது பழைய டிராவலர் வேன். பின்னால் இரட்டைச் சக்கரம் இல்லாத குட்டை வகை. உடுமலையில் ஒரு தச்சரை வைத்து அதற்குள் இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரி என்று அமைத்து, பதிவுச் சான்றிதழிலும் மாற்றத்தைக் குறிக்க வைத்து, நான்கு ஆண்டுகளாக அமுச்சியையும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருகிறோம்.

சாதாரண டயரிலிருந்து, தார்ச்சாலைக்கும் கரடுமுரடான மண்பாதைக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயருக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் சென்ற மார்கழியில் வந்தது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) ஒன்றில் இரவு தங்குவதற்காக வண்டியைக் கிளுவை வேலியை ஒட்டித் திருப்பியபோது, வெட்டி விட்டிருந்த கிளுவைக் கட்டை ஒன்று பின் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ட்ரெட்டில், அதாவது தரையைத் தொடும் பகுதியில், ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாடு கிழிந்தால் ஒட்டுவதற்கு வழியே இல்லை, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஜாக்கி மண்ணுக்குள் புதையாமல் இருக்கப் பலகை தேடி, ஸ்டெப்னியை மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. மீதமிருந்த மூன்று டயர்களும், இனி மாற்ற வேண்டும் என்று காட்டும் தேய்மான அடையாளக் கட்டையைத் தொடும் நிலையில்தான் இருந்தன. அதாவது ட்ரெட் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரை நெருங்கியிருந்தது.

முதலில் போன வேறொரு கடையில் 235/75 ஆர் 15 டயரைக் காட்டி, வண்டி எடுப்பாகத் தெரியும் என்றார்கள். எங்கள் வண்டிக்கு உரியது 215/75 ஆர் 15: அகலம் 215 மில்லிமீட்டர், பக்கவாட்டின் உயரம் அதில் 75 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உரிய டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர், அவர்கள் காட்டியதன் விட்டம் 733. நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது என்றால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்கும் மேலே ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டின் உட்புறத்தில் டயர் உரசும். தயாரிப்பாளர் சொன்ன அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்தவும் செய்கிறது. அதனால் அதை விட்டுவிட்டு, அதே 215 அளவில், கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் போடும் ஓர் ஆல் டெரெய்ன் டயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இந்த ஆனைமலைச் சாலைக் கடைக்குப் போனேன். அளவு சரியாக இருக்கிறதே, இனி என்ன என்பது என் நினைப்பு.

கடை உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டியவர். வண்டிக்குள் ஏறி, படுக்கையைத் தட்டிப் பார்த்து, தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டுவிட்டு, "அம்மிணி, மொதல்ல வண்டிய எடை போட்டுட்டு வாங்க. டயரு அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். தென்னைநார் லாரிகளுக்காகப் பக்கத்திலேயே எடை மேடை இருக்கிறது. தொட்டியை நிரப்பி, வழக்கமாக ஏற்றும் சாமான்களோடும் ஆட்களோடும், முன் சக்கரங்களை மட்டும் ஒருமுறையும் பின் சக்கரங்களை மட்டும் ஒருமுறையும் மேடையில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். முன் அச்சில் 1,420 கிலோ, பின் அச்சில் 1,720 கிலோ வந்தது.

சீட்டை வாங்கிப் பார்த்தவர், நான் கேட்ட டயரை உருட்டி வந்து அதன் பக்கவாட்டில் இருந்த 100 என்ற எண்ணைக் காட்டினார். அது பாரக் குறியீட்டு எண். 100 என்றால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ. பின் அச்சின் இரண்டு டயர்களும் சேர்ந்து 1,600 கிலோதான் தாங்கும்; எங்கள் வண்டியோ அதைவிட 120 கிலோ கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது அந்தப் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் இன்னும் சாயும். அடுத்து அவர் எடுத்து வைத்தது அதே அளவில் இலகு ரக வணிக வாகனங்களுக்கு வரும் எட்டுப் பிளை (எட்டு அடுக்குக்குச் சமமான வலிமை) டயர். அதில் 106/103 என்று இருந்தது. முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. 106 என்றால் 950 கிலோ. பட்டன் (ட்ரெட்டில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள்) அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வேனைத் தங்கும் வண்டியாக மாற்றியவர்கள் பட்டனையும் விலையையும் பார்த்து டயர் வாங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு, நானும் பார்த்திருக்கவில்லை.

தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக டயரிலேயே அச்சாகியிருக்கும் என்பதையும் அங்கேதான் கற்றேன். எங்களுக்குக் கொடுத்த நான்கிலும் 3124 என்று இருந்தது: 2024ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். நான்கும் ஒரே வாரத்தவையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள்.

மாட்டிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய டயரைக் கழற்றியதும் புதியதை ஏற்றிவிடாமல், டயர் வந்து உட்காரும் ரிம் விளிம்பில் படிந்திருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்த்தார் வேலை செய்த தம்பி. ஓரிடத்தில் விரல் நின்றது, மறுபடி தேய்த்தார். ரப்பர் வால்வுகளை எறிந்துவிட்டு இரும்பு வால்வுகளைப் போட்டார்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். நாங்கள் பின்னால் 60 வைத்து வெயிலில் ஓட்டினால் சூட்டில் அது அந்த எல்லையைத் தாண்டிவிடும். காற்று ஏற ஏற, இரண்டு பக்கமும் டயர் ரிம்மில் போய் உட்காரும் சத்தம் அடுத்தடுத்துக் கேட்டது. பிறகு சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அனுப்பவில்லை. எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் பிடித்து, கடைசியில், எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் அளவு வைத்தார்கள். அலைன்மென்ட் பார்க்கும்போது தொட்டியில் தண்ணீர் நிரம்பியே இருக்க வேண்டும் என்றார் பெரியவர், வண்டி எந்தப் பாரத்தோடு ஓடுமோ அந்தப் பாரத்தோடுதான் பார்க்க வேண்டுமாம். முன்னால் 48, பின்னால் 60 பிஎஸ்ஐ என்று ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டியும் விட்டார்கள்.

டயரும் வேலையும் சேர்த்து 41,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. அதன்பின் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளில் வண்டியின் பின்புறம் முன்பு போல ஆடவில்லை. பக்கவாடு விறைப்பாக இருப்பது கைக்கே தெரிகிறது. கடம்பூர் மலைப்பக்கத்துச் சரளையிலும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேட்டின் செம்மண்ணிலும், மழை நின்ற மறுநாள் தென்னந்தோப்பின் ஈரப்புல்லிலும் சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. கரிசல் வேறு கதை. பல்லடம் பக்கம் நனைந்த கரிசல் காட்டில் பத்தடி போவதற்குள் பட்டன் இடுக்கெல்லாம் மண் அப்பி, டயர் வழவழவென்று ஆகிவிட்டது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு எந்த ஆல் டெரெய்ன் டயரும் அங்கே துணை செய்யாது. டிராக்டர் வந்து இழுத்தது.

தார்ச்சாலையில் இழப்பும் உண்டு. 60ஐத் தாண்டினால் தூரத்து மாவு மில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்கிறது. பின் படுக்கையில் இருந்த அமுச்சி, "என்னமோ இரையுது கண்ணு, நிறுத்திப் பாரு" என்று இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். லிட்டருக்குப் பத்தரை கொடுத்த வண்டி இப்போது பத்துக்குக் கீழே கொடுக்கிறது. மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் சற்றுக் கூடியிருப்பதாக உணர்கிறேன், முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி கூட்டியே ஓட்டுகிறேன். வெறும் நெடுஞ்சாலையில் மட்டும் கோயில் குளம் போய் வருபவர்களுக்கு இந்த டயர் தேவையில்லை என்றே சொல்வேன்.

கடையின் மேல் எனக்கு இரண்டு குறைகள். காலை பத்து மணிக்கு விட்ட வண்டி மூன்றரைக்குத்தான் கைக்கு வந்தது. வயதானவர்கள் உட்காரப் புளியமரத்தடிப் பலகை ஒன்றைத் தவிர இடமில்லை, கழிப்பறைக்கு எதிரிலிருக்கும் பேக்கரிக்குத்தான் போக வேண்டும். நேரத்தை முன்பே சொல்லியிருந்தால் அமுச்சியை வீட்டில் விட்டு வந்திருப்பேன். இரண்டாவது குறை பெரியது: ஸ்டெப்னியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் பழைய நெடுஞ்சாலை டயர்தான், பாரக் குறியீடும் குறைவு. எண்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்க அவர்கள் சொன்னபடி போன அன்றுதான் நானே கவனித்துக் கேட்டேன். பெரியவர் தயங்காமல், "அது எங்க தப்புங்க அம்மிணி, அன்னைக்கே சொல்லியிருக்கோணும்" என்றார். நட்டு இறுக்கியதற்குப் பணம் வாங்கவில்லை. ஐந்தாவது டயரும் அதே 106 எண்ணில் வேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை கொறங்காட்டுப் பக்கம் வண்டியை எடுத்துப் போவதாக இல்லை.