குழந்தைகள் இல்லாமல் கதைப் பூங்காவுக்கு: பெரியவர்களுக்கு எது பொருந்தும்?

கையில் குழந்தை இல்லாமல் குடும்பப் பூங்காவுக்குள் நுழையும் பெரியவர்களைச் சிலர் இன்னும் வேடிக்கையாகத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பார்வைக்கு வரலாற்றில் பெரிய ஆதாரம் எதுவும் கிடையாது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் தேவதைக் கதைத் தொகுதி ஆய்வுக் குறிப்புகளோடு வந்த புலமை நூல். சிறுவர்களுக்கு ஏற்றபடி அதை மெருகேற்றும் வேலை பின்னர் வந்த பதிப்புகளில்தான் நடந்தது. கோபன்ஹேகனில் 1843-இல் திறக்கப்பட்ட டிவோலி, மாலைப் பொழுதில் இசையையும் விளக்கொளியையும் தேடி வந்த நகரத்துப் பெரியவர்களை நம்பி எழுந்த கேளிக்கைத் தோட்டம். வால்ட் டிஸ்னியோ, லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தாம் மட்டும் பெஞ்சில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க நேர்ந்ததிலிருந்துதான் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழும் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே பெரியவர்கள் போகலாமா என்பதைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. எங்கே போவது என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

இந்த அலசலுக்கு மூன்று இடங்களை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கலிபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட். இரண்டாவது, நெதர்லாந்தின் காட்ஸ்ஹூவல் என்ற சிற்றூரில் 1952 மே 31 அன்று தன் கதைக் காட்டைத் திறந்த எஃப்டெலிங். மூன்றாவது, டோக்கியோவை அடுத்த உராயாசுவில் 2001 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிசீ. இவற்றோடு, ஜிப்லி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் படங்களை வைத்து ஜப்பானில் எழுந்த ஜிப்லி பூங்காவையும் டிவோலியையும் ஓரளவு தொட்டுச் செல்வேன். எங்கும் போகாமல் வீட்டிலேயே படத்தைப் பார்ப்பது என்ற எளிய வழியும் போட்டியில் உண்டு. அதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வழக்கமான ஒப்பீடுகள் எத்தனை சவாரிகள், எவ்வளவு வேகம், எவ்வளவு நீளமான வரிசை என்று எண்ணிக்கொண்டு போகும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைதான். தேவதைக் கதைகளின் மேலும் அனிமேஷனின் மேலும் பற்றுள்ள பெரியவருக்கு அது போதாது. அவருக்கு வேண்டியவை வேறு இரண்டு: ஒரு காட்சியின் முன்னால் மனம் நிறையும் வரை நின்று பார்க்க முடிய வேண்டும், கதையில் இருந்த இருட்டையும் துயரத்தையும் அந்த இடம் துடைத்து எறியாமல் விட்டுவைத்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் அளவுகோலாக வைத்தால் முடிவுகள் வழக்கமான வரிசையில் அமைவதில்லை.

முதலில் டிஸ்னிலேண்ட். அனிமேஷனின் வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கு இதற்கு இணையான இடம் இல்லை, ஏனென்றால் படங்களை வரைந்தவர்களில் பலரே இதன் சவாரிகளையும் வடிவமைத்தார்கள். தூங்கும் அழகியின் கோட்டை வெறும் 77 அடி உயரம். மேலே போகப் போகக் கற்களின் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே சென்று, கீழிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அதை உயரமாகக் காட்டியிருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால் அந்தப் படம் வெளியானது 1959-இல். கோட்டை அதற்கு நான்கு ஆண்டுகள் மூத்தது. கோட்டைக்குள் படிகளேறி நடந்தே கதையைப் பார்த்துச் செல்லும் வழி 1957-இல் திறக்கப்பட்டது. அதன் சிறு காட்சிப் பெட்டிகளில், அந்தப் படத்தின் பின்னணிகளை வரைந்த ஐவிண்ட் ஏர்லின் பாணி தெரிகிறது: கூரிய கோடுகள், அடுக்கடுக்கான சதுர மரங்கள், இடைக்காலத் திரைச்சீலைகளை நினைவூட்டும் நிறங்கள். பூங்காவில் பெரும்பாலானோர் வேகமாகக் கடந்துவிடும் இடம் இதுதான். நின்று பார்க்க விரும்புகிறவர் முதலில் செல்ல வேண்டிய இடமும் இதுவே.

மற்றபடி இந்தப் பூங்கா உங்களை நிற்க விடுவதில்லை. பழைய இருட்டுச் சவாரிகள் (இருண்ட அரங்குக்குள் கதைக் காட்சிகளைக் கடந்து செல்பவை) எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பீட்டர் பேன் சவாரியில், இரவு நேர லண்டனின் மேல் சிறு கப்பல் மிதந்து செல்லும் அந்தக் காட்சி, புற ஊதா ஒளியில் மின்னும் வண்ணங்களால் ஆன அழகான கைவேலை. அதை முழுமையாகக் கண்ணில் வாங்கிக்கொள்வதற்குள் கப்பல் திரும்பிவிடும். அந்தச் சில நொடிகளுக்காக நிற்கும் வரிசையோ பூங்காவின் நீளமான வரிசைகளில் ஒன்று.

இருட்டைப் பொறுத்தவரை, ஸ்னோ ஒயிட் சவாரியின் கதை பலவற்றைச் சொல்லும். 1955-இல் அது திறந்தபோது உள்ளே ஸ்னோ ஒயிட்டின் உருவமே கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் ஸ்னோ ஒயிட், சூனியக்காரி துரத்துவது உங்களைத்தான் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். துணிச்சலான யோசனை. ஆனால் கதாநாயகி எங்கே என்று வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1983-இல் அவளையும் உள்ளே சேர்த்தார்கள். 2021-இல் பெயரிலிருந்து பயம் அகற்றப்பட்டு, மகிழ்ச்சியான முடிவுக்கான காட்சிகளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பார்ப்பவரைக் கதைக்குள் தள்ளிவிட்ட சவாரி, கதையை வெளியிலிருந்து காட்டும் சவாரியாக மாறியிருக்கிறது. என் பார்வையில் அது இழப்புதான். இருட்டை நேசிப்பவர்களுக்கு 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியும் 1969-இல் திறந்த பேய் மாளிகையும் ஆறுதல் தரும். ஆனால் அவை தேவதைக் கதைகள் அல்ல.

எஃப்டெலிங் நேர் எதிரான வழியில் நடக்கிறது. அதன் கதைக் காட்டில் வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மரங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் பாதையில் நடந்துகொண்டே போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதை காத்திருக்கும். ஓவியர் ஆன்டன் பீக்கை வடிவமைக்க அழைத்தபோது, மலிவான போலிப் பொருள்கள் கூடாது, உண்மையான செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அதன் பலன் இன்றைக்குத் தெரிகிறது: பாசி படிந்த கூரைகள், மழையில் கறுத்த சுவர்கள். வயதாக வயதாக அழகு கூடும் பூங்கா அபூர்வம். தூங்கும் அழகியின் கோட்டையில் அவள் மஞ்சத்தில் படுத்திருக்க, நெஞ்சு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அங்கே நடப்பது. குழந்தைகள் பத்து விநாடியில் நகர்ந்துவிடுவார்கள். அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் உங்களை யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள். இன்னோரிடத்தில் அணிய ஆளில்லாத ஒரு ஜோடிச் சிவப்புக் காலணிகள் தரையில் தாமாகவே ஆடிக்கொண்டிருக்கும். டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சனின் அந்தக் கதையைப் படித்தவருக்கு அந்தக் காட்சி சற்றே வயிற்றைக் கலக்கும்.

துயரத்தை மறைக்காத துணிவு எஃப்டெலிங்கிடம் இருக்கிறது என்பதற்கு 2004-இல் சேர்க்கப்பட்ட தீக்குச்சிச் சிறுமியே சான்று. குளிரில் தீக்குச்சிகளைக் கொளுத்திக்கொண்டிருக்கும் சிறுமி இறந்துபோகிறாள். இறந்துபோன பாட்டி வந்து அவளை அழைத்துச் செல்கிறாள். கதையை மாற்றவில்லை, பிழைக்க வைக்கவும் இல்லை. இதே ஆன்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னிக் கதையில் அவள் கடல் நுரையாகக் கரைந்துவிடுவதையும், 1989-இல் வந்த டிஸ்னி படம் அதைத் திருமணத்தில் முடித்ததையும் நினைத்துப் பார்த்தால், இரண்டு மரபுகளுக்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும். எஃப்டெலிங் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். விற்பதற்குப் படங்களின் பட்டியல் கையில் இல்லாததால், புதிதாக வந்த படத்துக்காகப் பழைய கதையை இடித்துவிட வேண்டிய நெருக்கடி அதற்குக் குறைவு என்பது என் ஊகம்.

குறைகளும் உண்டு. 1966-இல் திறந்த தண்ணீர் அல்லிகளின் காட்சி, பெல்ஜிய அரசி ஃபபியோலா எழுதிய கதையிலிருந்து உருவானது; அழகானதுதான், ஆனால் தொலைதூரக் கீழை நாடு பற்றி அந்தக் கால ஐரோப்பா வைத்திருந்த பழைய கற்பனையின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. கதைகளைப் பற்றிய அறிவு சிறிதும் இல்லாமல் போகிறவருக்குப் பல இடங்கள் பேசாத பொம்மைகளாகவே படும். இசைப்பாடல்களோடு நெஞ்சில் பதிந்த அனிமேஷன் பாத்திரங்களைத் தேடிப் போகிறவருக்கோ அங்கே ஒன்றுமே கிடைக்காது.

டிஸ்னிசீ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று சொன்னால் அது தட்டையான தீர்ப்பாகிவிடும். ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமம் பெற்று நடத்தும் இந்தப் பூங்காவில், கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் பல பத்தாண்டுகளாகப் பொதுவிடங்களில் கிடைக்காத மது, திறந்த நாள் முதலே கிடைத்தது. அந்த ஒரு முடிவே இது யாரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. இங்கே பெரியவர்களின் ஆர்வம் ஓரத்தில் நிற்பதில்லை. 2005-இல் இங்கே அறிமுகமான டஃபி கரடிப் பொம்மையை இடுப்பில் ஏந்திக்கொண்டு, அதைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்துப் படமெடுக்கும் பெரியவர்கள் எங்கும் தென்படுவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நின்று பார்ப்பதற்கு இங்கே ஒரு புதையல் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய கோட்டைக்குள் வரிசை எதுவும் இல்லாமல் நுழையலாம். கைப்பிடியைச் சுழற்றினால் கோள்கள் சூரியனைச் சுற்றி நகரும் ஓர் அறை, பூமியின் சுழற்சியைக் காட்டும் ஊசல் தொங்கும் ஒரு கோபுரம் என்று அது விரிந்துகொண்டே போகும். சிந்துபாத்தின் கதையைச் சொல்லும் படகுச் சவாரி சுமார் பத்து நிமிடம் ஓடுகிறது. அதற்கு ஆலன் மென்கன் இசையமைத்த பாடல், இறங்கிய பின்னும் நாவிலிருந்து போகாது. முன்பு அது இன்னும் கடுமையான பயணமாக இருந்தது. 2007-இல்தான் மென்மையாக்கப்பட்டு, சிந்துபாத்துக்குத் துணையாக ஒரு குட்டிப் புலியும் வந்து சேர்ந்தது. இருட்டைத் துடைக்கும் பழக்கம் இங்கேயும் விட்டுவைக்கவில்லை. 2024 ஜூன் 6-இல் திறந்த புதிய பகுதி டிஸ்னியின் அனிமேஷன் படங்களை மிகுந்த நுணுக்கத்தோடு கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அங்கே கூட்டமும் அதற்கேற்பவே இருக்கும். பணம் கொடுத்து வரிசையைத் தாண்டும் வசதிக்குக் கைபேசிச் செயலியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருப்பது, கதைக்குள் மூழ்க வந்தவருக்குப் பெரிய தொல்லை.

ஜிப்லி பூங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2005-இல் உலகக் கண்காட்சி நடந்த ஐச்சி மாநிலத் திடலில் 2022 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்ட இங்கே பெரிய சவாரிகள் கிடையாது. ‘மை நெய்பர் டோட்டோரோ’ படத்தில் வரும் சாட்சுகி, மெய் என்ற சகோதரிகளின் வீட்டில் மேசை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே மடித்த துணிகள் இருக்கும். படங்களை மனப்பாடமாக அறிந்தவருக்கு இது ஒரு கோயில். மற்றவருக்குப் பழைய வீடு. நாளைக் குறித்து முன்பே சீட்டு வாங்கியாக வேண்டும். டிவோலியோ கதையைவிட மாலைப் பொழுதுக்கான இடம்; ஆன்டர்சனே அங்கே உலவியவர், 1843-இல் அங்கே போன நாளில்தான் சீனப் பேரரசரின் குயில் பற்றிய கதையைத் தொடங்கினார். 1914-ஆம் ஆண்டின் மர ரோலர் கோஸ்டரில் இன்றும் ஓர் ஆள் கூடவே அமர்ந்து பிரேக் போடுகிறார்.

வீட்டில் படம் பார்ப்பது இவை அனைத்தையும் ஒரே விஷயத்தில் தோற்கடிக்கிறது: நிறுத்தி வைக்கலாம். ஐவிண்ட் ஏர்லின் காட்டை எந்தப் பூங்காவிலும் பார்ப்பதைவிடத் தெளிவாக, இலை இலையாகத் திரையில் பார்க்க முடியும். ஆனால் திரைக்குப் பின்புறம் கிடையாது. எஃப்டெலிங்கில் ஒரு வீட்டைச் சுற்றிவந்து சமையலறை ஜன்னலை எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்கும் உரிமை திரையில் இல்லை. செலவில் எவ்வளவோ மலிவு என்பதால், எந்தப் பூங்காவுக்கும் போவதற்கு முன் இதுவே முதல் படியாக இருக்கட்டும்.

உடையில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில், தனிச்சீட்டு விற்கும் சில விசேஷ இரவுகள் தவிர, 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பாத்திர வேடம் தரிக்க அனுமதி இல்லை. அதனால்தான் பாத்திரத்தின் நிறங்களை மட்டும் அன்றாட ஆடைகளில் கொண்டுவரும் வழக்கம் பெரியவர்களிடையே வளர்ந்தது. ஸ்னோ ஒயிட்டுக்கு மஞ்சள் பாவாடையும் நீல மேற்சட்டையும் சிவப்பு ரிப்பனும் போதும், தெரிந்தவருக்குத் தெரியும். டோக்கியோவில் பெரியவர்களின் வேடத்துக்கு ஹாலோவீன் காலத்தில் மட்டுமே இடம் உண்டு.

தேர்வு எது என்று கேட்டால்: கதைகளை மூல வடிவில் படித்து நேசிப்பவர் தயங்காமல் எஃப்டெலிங்குக்குப் போகட்டும். படம் வரையப்படும் கலையின் மேல் பித்துள்ளவருக்கு டிஸ்னிலேண்ட். அங்கே கோட்டை உட்பாதையைக் கூட்டம் சேர்வதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. தம் ஆர்வத்தை யார் எப்படிப் பார்ப்பார்களோ என்று கூச்சப்படுகிறவருக்கு டிஸ்னிசீயைவிட இதமான இடம் இல்லை.

இந்த ஆர்வம் துளியும் இல்லாத துணையோடு போக நேர்ந்தால் மட்டும் கணக்கு சற்று மாறும். எஃப்டெலிங்கில் அவரை 2015-இல் வந்த பாரன் 1898 என்ற ரோலர் கோஸ்டருக்கு அனுப்பிவிடலாம், 37.5 மீட்டர் ஆழத்துக்கு நேராகச் சுரங்கத்துக்குள் பாயும் அதற்குத் தனியாக வருபவர்களுக்கென்று வேறு வரிசையே இருக்கிறது. டிஸ்னிலேண்டில் மேட்டர்ஹார்ன் மலையும் ஸ்பேஸ் மவுன்டனும் அந்த வேலையைச் செய்யும். டிஸ்னிசீயில் அவ்வளவு யோசிக்கவே வேண்டாம்: கரையோரம் நிற்கும் பெரிய கப்பலின் மேல்தளத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, நீங்கள் நிம்மதியாகச் சிந்துபாத்தின் படகில் இன்னொரு முறை ஏறிவிட்டு வரலாம்.