கல்லடியில் செம்பு வயரும் செம்புத்தோல் வயரும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. பூட்டு, ஆணி, பிணைச்சல் எதுவும் இங்கே நாள் பிடிக்காது. 2012 இல் வீட்டுக்கு வயரிங் செய்தபோது பிளக் லைன்களுக்கு 7/0.67 (0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை) செம்பு வயர் போட்டேன். காசு முட்டுப்பட்டதால் கிணற்று மோட்டருக்கு மட்டும் விலை குறைந்த ஒன்றை வாங்கினேன். கடையில் அதையும் செம்பு என்றுதான் தந்தார்கள்.

நாலாவது மாரியில் மோட்டர் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. சுவிட்சைக் கழற்றினால் பிளாஸ்டிக் கருகி, திருகாணியைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தது. வேலைக்கு வந்த தம்பி கம்பியைப் பிளேட்டால் சுரண்டினார். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை. "அண்ணன், தோல் மட்டுந்தான் செம்பு. உள்ளுக்கு அலுமினியம்."

அலுமினியம் கெட்ட உலோகமல்ல. தெருக் கம்பங்களில் போகும் லைன்களும் பெரும்பாலும் அதுதான். செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் செம்பு கடத்துவதில் ஏறத்தாழ 61 சதவீதந்தான் கடத்தும். அதனால் தடிப்பாகப் போட வேண்டும். செம்புக்குக் கணக்குப் பார்த்த தடிப்பிலேயே போட்டால் கூடுதலாகச் சூடேறும். திருகாணி இறுக்கத்தில் அலுமினியம் மெல்ல நசிந்து கொடுக்கும். பிடி தளரும், தளர்ந்த இடம் இன்னும் சுடும். உப்பு ஈரத்தில் பித்தளையோடு சேர்ந்திருந்தால் அலுமினியந்தான் அரிபடும். எங்கள் வீட்டில் எரிந்ததும் வயரின் நடுவில் அல்ல, மூட்டில்தான்.

அந்த லைனை முழுக்கச் செம்பாக மாற்றினோம். இன்றுவரை கரைச்சல் இல்லை. வீட்டுக்குள் போட்டவையும் அப்படியே. மூட்டுகளில் கொஞ்சம் பச்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

மேலுறையிலும் ஒன்று கண்டேன். வெளிச்சுவரில் வெயில் படுகிற சிவப்பு பிவிசி வெளிறி, வளைத்தால் வெடிக்கிறது. பக்கத்திலேயே போன கறுப்புக்கு ஒன்றுமில்லை. கறுப்பில் கலக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கிக்கொள்ளும்.

வயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய செம்பு. உப்புக்காற்றுக்கு அது இன்னும் நல்லது. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அந்தச் சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.