மட்டக்குதிரை வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும்: ஒரே சாயங்காலத்தில் பேரத்தை முடிக்காதீர்கள்

திருவொற்றியூர், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் மட்டக்குதிரை கைமாறுவதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். போனில் போட்டோ வரும். வேலை முடிந்து சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேர் பைக்கில் போவார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் குதிரை நிற்கும். பிள்ளையை மேலே உட்கார வைத்து இரண்டு சுற்று, புரோக்கர் நடுவில் நின்று ஒரு பேரம், டோக்கன், ராத்திரியே குட்டியானை வண்டியில் ஏற்றல். நாலாம் நாள் குதிரை காலைத் தாங்கித் தாங்கி நடக்கும், விற்றவர் போனை எடுக்க மாட்டார். இல்லையென்றால் பத்தாம் நாள் வாங்கியவர் எலும்பும் தோலுமாகக் குதிரையைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தி, முழுப்பணத்தையும் கேட்பார். இரண்டு பக்கத்திலும் அழுதவர்கள் இருக்கிறார்கள். பேரம் ஒரே சாயங்காலத்தில், வாய்ப்பேச்சில் முடிவதால்தான் இந்த ஏமாற்றெல்லாம் பலிக்கிறது.

இங்கே அதிகம் நடப்பது வயதில் மோசடி. "ஷெட்லாண்ட் போனி, மூணு வயசு, இதுக்கு மேல வளராது" என்று சொல்லி விற்கப்படுவது பல நேரம் சாதாரண நாட்டுக்குதிரையின் எட்டு மாதக் குட்டி. ஷெட்லாண்ட் இனத்துக்கு உச்ச உயரம் 42 அங்குலம். நாட்டுக்குதிரைக் குட்டி ஆறு மாதத்திலேயே வளர்ந்த உயரத்தில் ஐந்தில் நாலு பங்கை எட்டிவிடுவதால், அந்த மாதங்களில் அதுவும் பார்வைக்குப் போனி மாதிரியே இருக்கும். இரண்டு வருடத்தில் வீட்டுச் சந்தில் திரும்ப முடியாத குதிரையாகிவிடும். அதைவிடக் கொடுமை, எலும்பு முற்றாத முதுகில் அதுவரை தினமும் ஆள் ஏறியிருப்பார்கள். உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால், ஒடுங்கிய மார்பு, பஞ்சு போன்ற குட்டை வால், குச்சி மாதிரி நிமிர்ந்த பிடரி என்றால் அது குட்டிதான்.

சந்தேகம் தீர வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. பால் பல்லில் நடு ஜோடி பிறந்து 8 நாளிலும், பக்கத்து ஜோடி 8 வாரத்திலும், ஓர ஜோடி 8 மாதத்திலும் வரும். பால் பல் சின்னதாக, வெள்ளையாக, ஈறுப்பக்கம் இடுப்பு சிறுத்தது போல இருக்கும். நிலைப்பல் அகலமாக, மஞ்சளோடி, நீளவாக்கில் கோடு விழுந்திருக்கும். நடு ஜோடி விழுந்து நிலைப்பல் முளைப்பது இரண்டரை வயதில். பக்கத்து ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஆகவே "மூணு வயசு" என்ற குதிரையின் வாயில் எல்லாமே பால் பல் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இதற்கு மருத்துவர்கூடத் தேவையில்லை, ஒரு டார்ச்சும் குதிரை பிடிக்கத் தெரிந்த ஒருவரும் போதும்.

கிழக் குதிரையை "ஆறு வயசு" என்பது இதற்கு நேர் எதிர் வித்தை. கீழ் முன்பற்களின் மேல்தளத்தில் இருக்கும் குழி நடு ஜோடியில் 6 வயதிலும், அடுத்ததில் 7 வயதிலும், ஓரத்தில் 8 வயதிலும் தேய்ந்து மறையும். அதனால் தேய்ந்த பல்லில் துளைபோட்டுக் கறுப்பேற்றி, குழி இருப்பது போலக் காட்டுகிறார்கள். இயற்கைக் குழியைச் சுற்றி எனாமல் வளையம் தெரியும், போலிக் குழிக்கு அது இருக்காது. மேல் ஓரப்பல்லில் ஈறிலிருந்து இறங்கும் பழுப்புக் கோட்டை யாராலும் மறைக்க முடியாது. அது 10 வயதுவாக்கில் தலைகாட்டி, 15-இல் பாதிப் பல்லுக்கும் 20-இல் முழுப் பல்லுக்கும் ஓடியிருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் இளம் வயதில் மேல்பல்லும் கீழ்பல்லும் நேராக முட்டும். வயதாக ஆகக் கிளியின் அலகு போல முன்னால் சாயும். கண்ணுக்கு மேலே பள்ளம் விழுந்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது கால். இதில்தான் பணம் அதிகம் போகிறது. நொண்டும் குதிரைக்கு வலிநிவாரணி கொடுத்துவிட்டால் ஒரு நாளுக்கு மேலும் நடை சுத்தமாகத் தெரியும். குதிரைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் அப்படிப்பட்டதுதான். சாயங்காலம் பார்த்து ராத்திரியே ஏற்றிப் போகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. ஆகவே முதல்முறை பார்த்த அன்றைக்குப் பணம் வேண்டாம். மூன்று நாள் கழித்து, விடியற்காலை, தீனி வைப்பதற்கு முன் இரண்டாம் முறை போய்ப் பாருங்கள். "காலையில வராதீங்க, சாயங்காலம்தான் காட்டுவேன்" என்று ஒரு விற்பனையாளர் பிடிவாதம் பிடித்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

நடை பார்க்கும் இடம் சிமென்ட் ரோடாக இருக்கட்டும், மணலில் நொண்டி மறைந்துவிடும். முப்பது அடிக்குக் குறையாமல் முதலில் நடை, பிறகு பெருநடை, அதாவது மெல்லோட்டம். பிடிப்பவர் கயிற்றைத் தளர விட வேண்டும். கயிற்றை மோவாய்க்கு அடியில் இறுக்கிப் பிடித்துத் தலையைத் தூக்கியே ஓட்டுவது பழைய தந்திரம், அப்போது தலையாட்டம் தெரியாது. முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் என்றால் வலிக்கும் பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். இரண்டு முன்னங்காலுமே வலித்தால் தலை ஆடாது, முள்ளில் நடப்பது போலக் குட்டைக் குட்டை அடிதான் வரும். பலர் "நல்லா நடக்குதே" என்று ஏமாறுவது இந்த இடத்தில். கடைசியாக இரண்டு பக்கமும் வட்டத்தில் ஓட்டுங்கள்.

நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்காமல் வராதீர்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்துத் தெருக்களில் தேங்கும் தண்ணீரில் நின்று நின்று குளம்பின் அடி அழுகியிருந்தால் மூக்கைத் துளைக்கும் நாற்றமும் கறுப்புக் கசிவும் இருக்கும். வெடிப்பில் மெழுகோ பசையோ அடைத்து மேலே கறுப்பு எண்ணெய் தடவியிருப்பார்கள். கம்பித் தேய்ப்பானால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் உண்மை வெளியே வரும். குளம்பைச் சுற்றி வளையங்கள் முன்னால் நெருங்கி, குதிகால் பக்கம் விரிந்து போயிருந்தால் முன்பே குளம்பு வீக்கம் வந்த குதிரை. மட்டக்குதிரைகளுக்கு இந்த நோய் சுலபமாக வரும். சோறு, பன், கல்யாண வீட்டு மிச்சம் என்று போட்டதையெல்லாம் தின்று கொழுத்த குதிரைகள்தான் முதலில் மாட்டும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று அதற்கே கூட விலை கொடுப்பவர்களும் உண்டு. நிற்கும்போது முன்னங்காலை முன்னால் நீட்டி எடையைப் பின்னால் தள்ளி நிற்கிறதா, குளம்பு சுடுகிறதா, கணுக்காலுக்குப் பின்னால் நாடி தடதடவென்று அடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

"பரம சாது, குழந்தை வாலைப் பிடிச்சு இழுத்தாலும் ஒண்ணும் செய்யாது." இந்த சாதுத்தனம் மயக்க ஊசியாகவும் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, கண் பாதி மூடி, ஆண் குதிரையின் குறி வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் ஊசி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்ததும் "அந்தியூர் சரக்கு" என்ற பேச்சு இங்கே கிளம்பும். அங்கிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அத்தனை தூரம் வண்டியில் நின்றுகொண்டே வந்த எந்தக் குதிரையும் அன்றைக்குச் சாதுதான். இரண்டு நாள் தின்று தூங்கி எழுந்த பிறகு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹார்ன் அடிக்கும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதன் குணம்.

நிறத்துக்கு வருவோம். நான்கு காலும் முகமும் வெள்ளையான பஞ்சகல்யாணிக்குக் கூடுதல் விலை என்பதால் காலைப் பிளீச் போட்டு வெளுப்பதும், கறுப்புக்காகத் தலைச்சாயம் பூசுவதும் நடக்கிறது. 2022-இல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் கறுப்புக் குதிரை என்று நம்பி 22 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர், குளிப்பாட்டியதும் சாயம் வழிந்ததைக் கண்ட செய்தி நாடெங்கும் வந்தது. ரோமத்தைப் பிரித்து அடித்தோலைப் பாருங்கள். பிறவி வெள்ளைக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். பிளீச் போட்ட இடத்தில் தோல் கறுப்பாகவே இருக்கும். வெந்நீரில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் தேய்த்தால் பூசிய சாயம் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

சுழி விஷயத்தில் குறை வாங்குபவர் பக்கம்தான். நல்ல குதிரையைக் கண்ணால் பார்த்த பிறகும் "இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிப் பாதி விலைக்கு இழுப்பது நியாயமில்லை. சுழியால் குதிரையின் நடையும் மாறாது, ஆயுளும் மாறாது. அடையாளத்துக்கு மட்டும் அது அருமையான சான்று: இடம் மாறாது, அழிக்கவும் முடியாது. நெற்றி, கழுத்து, மார்புச் சுழிகளைப் போட்டோ எடுத்து வைத்தால், பேசிய குதிரைக்குப் பதில் வேறு குதிரை வந்து இறங்காது.

நோயில் இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், மருந்து கொடுத்து வைத்துக்கொள்ளும் நோய் அல்ல, உறுதியானால் அரசுக்குத் தெரிவித்துக் குதிரையைக் கருணைக்கொலை செய்வதுதான் விதி. மூக்கில் கெட்டியான சளி, மூக்கினுள் புண், தாடைக்கடியில் கட்டி, காலில் வரிசையாக முடிச்சு முடிச்சாகப் புண் இருந்தால் தொடாமல் விலகுங்கள். ஈக்கள் பரப்பும் சர்ரா நோயில் காய்ச்சல் விட்டு விட்டு வரும், தின்றாலும் மெலியும், காலும் அடிவயிறும் வீங்கும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. மருத்துவரை நீங்களே தேர்ந்தெடுங்கள், விற்பவர் கூட்டிவருபவர் வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் பகுதிக்குப் பக்கம்தான். ஓய்வில் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16 என்பது நலமான குதிரையின் கணக்கு. "சினை" என்று கூடுதல் விலை கேட்டால் ஸ்கேன் எடுத்த பிறகே பேசுங்கள். புழு நிறைந்த வயிறும் பெரிதாகத்தான் தெரியும்.

விற்பவர்களின் வயிற்றெரிச்சலும் நியாயமானது. ஐந்நூறு ரூபாய் டோக்கன் கொடுத்து மூன்று வாரம் குதிரையை நிறுத்தி வைத்துவிட்டு, வேறு எங்கோ வாங்கிக்கொண்டு டோக்கனைத் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று வாரத் தீனி யார் கணக்கு? நாலு சாயங்காலம் குடும்பத்தோடு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போட்டோ எடுத்துவிட்டுக் காணாமல் போவார்கள். இன்னும் மோசம், "ஒரு வாரம் டிரையல்" என்று வாங்கிப் போய் இரண்டு கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டு, பட்டாசுக்கு மிரண்டு முழங்கால் உரிந்த குதிரையைக் கொண்டுவந்து "சரிப்பட்டு வரல" என்பது. போன அன்றே தீனியை மாற்றி, கொள்ளை ஊறவைக்காமல் இரண்டு கிலோ போட்டு, வயிற்றுவலியில் உருண்டு புரண்டதும் "நோய்க் குதிரையைத் தலையில் கட்டிட்டான்" என்று பழி போடுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்ற தப்பு உள்ளேயே இருந்து கொல்லும்.

பெரிய ஆள் ஏறுவதும் தீராத சண்டை. எடையைக் கணக்குப் போடுவது சுலபம்: முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 130, நீளம் 115 என்றால் சுமார் 164 கிலோ. சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் தாங்கும், அதாவது 33 கிலோ. பத்து வயதுப் பிள்ளை ஏறலாம், அப்பா ஏறக் கூடாது. வாடகைச் சவாரிக்கு வாங்குபவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1965-ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்கு விதிகள்படி நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவெளியில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. நம் மே மாதத்தை நினைத்துக்கொண்டு வருமானக் கணக்கைப் போடுங்கள்.

"டிரையல்" என்ற சொல்லை இரு தரப்பும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த பொருளுக்குக் கெடு குறித்திருந்தால், அந்தக் கெடுவுக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காதபோது அது வாங்கியவருடையதாகிவிடும். கெடு குறிக்காவிட்டால் "நியாயமான காலம்". அந்த நியாயமான காலம் எத்தனை நாள் என்பதில்தான் அடிதடி. 16-ஆவது பிரிவும் முக்கியம். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, அந்தத் தொழிலில் இருப்பவரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால் மட்டுமே "அதற்கு ஏற்றதாக இல்லை" என்று கேட்க இடமுண்டு. ஆகவே வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"பெட்டை, செம்பழுப்பு, உயரம் 44 அங்குலம், வாய் நிறைந்தது, நெற்றியில் ஒரு சுழி, வலது பின்னங்காலில் நாலு விரல் வெள்ளை. பத்து வயதுப் பிள்ளை சவாரிக்காக வாங்கப்படுகிறது. விலை இவ்வளவு, அச்சாரம் இவ்வளவு, மீதி இன்ன தேதிக்குள். அந்தத் தேதி தாண்டினால் அச்சாரத்திலிருந்து நாளொன்றுக்குத் தீனிச் செலவு இவ்வளவு கழியும். பார்வைக்காலம் (டிரையல்) 7 நாள், இன்ன தேதி மாலை 6 மணிக்கு முடியும். அதற்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் விற்பனை முடிந்தது. பார்வைக்காலத்தில் வண்டியில் பூட்டவோ ஊர்வலத்துக்கு விடவோ கூடாது. அந்நாட்களில் விழுந்து அடிபட்டால் வாங்குபவர் பொறுப்பு. முன்பே இருந்த நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் விற்பவர் பொறுப்பு. விற்பவருக்குத் தெரிந்த குறைகள்: ____."

கடைசி வரியை வெறுமையாக விடாதீர்கள். "லாடம் அடிக்கும்போது உதைக்கும்", "வண்டியில் ஏற அடம் பிடிக்கும்" என்று எழுதிக் கொடுத்த விற்பனையாளர் மேல் பிறகு யாரும் பழி போட முடியாது.

நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வண்டி வாடகை மட்டும் அனுப்புங்கள்" என்று தொடங்கும் விளம்பரத்துக்குப் பின்னால் குதிரையே இருக்காது. விற்பவரை ஏமாற்றுபவர்கள் "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

குதிரையை ஏற்றுவது காலையில் இருக்கட்டும், குதிரை பயணத்துக்குத் தகுதியானது என்ற மருத்துவர் சான்று வண்டியில் இருக்கட்டும். டெட்டனஸ் ஊசியும் குடற்புழு மருந்தும் கடைசியாகப் போட்ட தேதியையும், லாடம் அடித்த தேதியையும் கேட்டு வாங்குங்கள். இப்போது தின்னும் புல், தவிடு, கொள்ளு என்ன அளவு என்று எழுதி வாங்கி, ஒரு வாரத்துக்கான அதே தீனியை விலை கொடுத்துக் கூடவே எடுத்துப் போங்கள். முதல் இரண்டு நாள் அதை மட்டும் வைத்து, பிறகு புதுத் தீனியைக் கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்று கலந்து ஏற்றுங்கள். தரையில் கொட்டாமல் தொட்டியில் வையுங்கள். கடலோரத் தெருக்களில் தீனியோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும்.