கத்தி வேண்டாம் என்றால் எந்தக் கதிர்?

பெரியம்மாவின் மூக்கு மடலில், மூக்குத்தியிலிருந்து ஒரு நெல்லளவு தள்ளி, கடுகைவிடப் பெரிதாய் மிளகைவிடச் சிறிதாய் ஒரு கறுப்பு மணி இருந்தது. வெளிச்சம் பட்டால் மினுங்கும். இரண்டாவது மூக்குத்தி என்று பேரப்பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். மச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். எட்டு மாதம் பூசினார். ஒரு நாள் முகம் துடைத்த துவாயில் இரத்தக் கறை. அதற்குப் பிறகுதான் தோல் வைத்திய நிபுணர், ஒரு துணுக்கு எடுத்துச் சோதனை, 'பேசல் செல் கார்சினோமா' என்ற அறிக்கை எல்லாம்.

வெள்ளைத் தோலில் முத்துப்போல் வெளிறித் தெரியும் இந்தப் புற்று, நம் நிறத்தில் பெரும்பாலும் கறுத்தே வருகிறது. அதனால் மச்சம் என்ற பெயரில் வருடக்கணக்காக முகத்திலேயே குடியிருந்துவிடுகிறது. நல்ல வேளையாக, இது உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே மெல்ல மெல்ல அரிக்கும். இதன் தம்பியான செதிள்கலப் புற்று அப்படியல்ல. அது நெறிக்கட்டிகளுக்குப் போகக்கூடியது. இங்கே பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான். தோலுக்கு நிறம் தரும் கலங்களில் வரும் மெலனோமா வேறு சாதி, அதற்குக் கதிர் முதல் வைத்தியமல்ல.

பெரியம்மாவுக்கு வயது 81. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார். “தம்பி, வெட்டுகிற கதையை விடு. கரண்ட் பிடிக்கலாமாம், அதைக் கேள்” என்றார். கரண்ட் என்று அவர் சொன்னது கதிர்ச் சிகிச்சையை. கேட்பதற்குள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் புயல் வீசத் தொடங்கிவிட்டது. லண்டன் சித்தப்பா ஒன்றைச் சொன்னார், சிட்னி மச்சாள் இன்னொன்றை, நியூ ஜேர்சி மருமகன் 99 சதவீதம் குணம் என்று காணொளியே அனுப்பினார். அந்த வாரம் நான் படித்ததும் கேட்டதும்தான் இந்த ஒப்பீடு.

முதலில் வெட்டுக்கு ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். 1997-இல் பிரான்ஸிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, முகத்தில் 4 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பேசல் செல் புற்றுள்ள 347 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சையும் மறு பாதிக்குக் கதிரும் கொடுத்தது. நான்கு ஆண்டுகளில் தோல்வி சத்திரசிகிச்சையில் 0.7 சதவீதம், கதிரில் 7.5 சதவீதம். முக அழகு நன்றாக இருந்தது என்று சொன்னவர்கள் வெட்டியவர்களில் 87 சதவீதம், கதிர் வாங்கியவர்களில் 69. 'கதிர் என்றால் தழும்பே இராது' என்ற பேச்சு அந்த எண்களோடு சரிந்துவிடுகிறது. அந்தக் கதிர்ச்சிகிச்சைகள் அந்தக் காலத்து முறைகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் வெட்டி எடுத்தால் ஓரம் சுத்தமா என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். கதிரில் அந்தச் சாட்சி கிடையாது. எனவே ஐம்பது வயதுக்காரர் முதுகில் உள்ள ஒன்றைக் கதிரால் அழிக்க நினைத்தால், வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். 81 வயது, மூக்கு மடல், இரத்தம் இளக்கும் மாத்திரை என்றால் கணக்கு மாறுகிறது. மடலை வெட்டினால் அந்தப் பள்ளத்தை மூட வேறிடத்துத் தோல் வேண்டும்.

சரி, கதிர் என்று முடிவானால் எந்தக் கதிர்?

எல்லாவற்றிலும் மூத்தது தாழ்ந்த மின்னழுத்த எக்ஸ்-கதிர், லண்டன் சித்தப்பாவின் தெரிவு. ரொன்ட்கன் 1895-இல் எக்ஸ்-கதிரைக் கண்டார். நான்கே வருடத்தில், 1899-இல், ஸ்டொக்ஹோமில் ஸ்டென்பெக் என்ற வைத்தியர் ஒரு பெண்ணின் மூக்கில் இருந்த தோல் புற்றுக்கு அதைக் காட்டத் தொடங்கிவிட்டார். அதுவும் மூக்கு! பெரியம்மாவிடம் சொன்னபோது, “பார்த்தாயா, எனக்கு முன்னால் ஒருத்தி போய் வந்துவிட்டாள்” என்றார்.

ஏறக்குறைய 50 முதல் 150 கிலோவோல்ட் வரையில் இயங்கும் இந்த இயந்திரத்தின் கெட்டித்தனம், முழு வீரியமும் தோலின் மேற்பரப்பிலேயே விழுவது. சுமார் 5 மில்லிமீற்றர் தடிப்பு வரையுள்ள புற்றுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. கற்றையின் ஓரம் கூர்மையாக இருப்பதால், மெல்லிய ஈயத் தகட்டில் ஓட்டை வெட்டி வைத்தாலே போதும், சுற்றியுள்ள நல்ல தோல் தப்பும். கண்ணிமை ஓரம் போன்ற இக்கட்டான இடங்களில் இதற்கு நிகரில்லை என்று நினைக்கிறேன். மரப்புச் சொட்டு விட்டு, கண்வில்லைபோல் ஒரு குட்டி உலோகக் கவசத்தை இமைக்குள் செருகிவிடுவார்கள். குறை என்ன? ஆழம் போகாது, தாழ்ந்த சக்திக் கதிரை எலும்பு அதிகமாக உறிஞ்சும். பெரிய குறை இன்னொன்று. லினாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கிகள் வந்தபின் பல நாடுகளில் இந்தப் பழைய இயந்திரங்களை ஓரங்கட்டிவிட்டார்கள். சித்தப்பாவின் ஊரில் இருப்பது நமக்குக் கைக்கெட்டுமா என்பது தனிக் கேள்வி.

கொழும்பில் நடைமுறையில் முதலில் கேட்க வேண்டியது இலத்திரன் கற்றை. அதே லினாக் இயந்திரம், மார்புக்கும் கழுத்துக்கும் கதிர் கொடுக்கிற அதே பெரிய கை, சிறிய கூம்பு ஒன்றை மாட்டிக்கொண்டு தோலுக்கு இறங்கி வருகிறது. 6 மெகா இலத்திரன்வோல்ட் கற்றை ஒன்றரை சென்ரிமீற்றர் வரை வலுவாகப் போய், மூன்று சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். தடித்த கட்டிக்கு இது நல்லது. சிக்கல் மேலே. தாழ்ந்த சக்தி இலத்திரன் தோலின் மேல் மட்டத்தில் முழு அளவைக் கொடுப்பதில்லை. சில மில்லிமீற்றர் உள்ளே போன பிறகுதான் உச்சத்தைத் தொடும். நமக்கு வேண்டியதோ மேல் மட்டம். ஆகவே தோல்போலவே கதிரை வாங்கும் ஒரு மெழுகையோ ஜெல் தகட்டையோ மேலே வைத்து, கதிரை ஏமாற்றி, உச்சத்தைத் தோலுக்கு இழுத்து வருகிறார்கள்.

பெரியம்மாவுக்கு அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் புற்றைச் சுற்றிப் பேனையால் ஒரு வட்டம், பிறகு அதற்கு வெளியே இன்னொரு வட்டம். இரண்டுக்கும் இடையில் ஒரு சென்ரிமீற்றர் இருக்கும். இவ்வளவு அகலமா என்று கேட்டேன். இலத்திரன் கற்றையின் ஓரம் மங்கலானது, சிறிய வட்டத்தில் இன்னும் மங்கும், அதனால் ஓரத்தைத் தாராளமாக விட வேண்டும் என்று விளக்கினார்கள். எக்ஸ்-கதிருக்கு இதில் பாதி போதுமாம். மூக்கு மேடும் பள்ளமும் உள்ள இடம் என்பதால், வெந்நீரில் இளக்கிய மெழுகை மடலின் பள்ளத்தில் அழுத்தி மேற்பரப்பைச் சமமாக்கினார்கள். மூக்குத் துவாரத்துக்குள் மெழுகு பூசிய ஒரு சின்ன ஈயத் துண்டு. அதுதான் நடுச்சுவருக்குக் காவல். ஈயத்தில் பட்டுத் திரும்பும் சிதறலை அந்த மெழுகுப் பூச்சு வாங்கிக்கொள்ளும். மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள், உலோகமும் கதிரைச் சிதறடிக்கும் என்பதால். ஐம்பது வருடம் கழற்றாத திருகு. தாதி ஒருவர் எண்ணெய் வைத்துக் கால் மணி நேரம் போராடினார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லினாக் என்றால் எல்லாவற்றிலும் இலத்திரன் இருக்கும் என்று நம்ப வேண்டாம். புதிய வகைகளில் சில, எக்ஸ்-கதிரை மட்டுமே தருபவை. அரசாங்கமோ தனியாரோ, “இந்த இயந்திரத்தில் இலத்திரன் உண்டா?” என்று நேரே கேட்டுவிடுங்கள்.

பிராக்கிதெரபி என்பது தூரத்திலிருந்து வீசாமல் மூலத்தையே தோலருகே கொண்டுவருவது. இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகம், அரிசி மணியளவில், ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். இயந்திரம் அதைக் குழாய் வழியே தள்ளி, சொன்ன இடத்தில் சொன்ன விநாடிகள் நிறுத்தி, திரும்ப இழுத்துக்கொள்ளும். சிறிய தட்டையான புற்றுக்குக் கிண்ணம் போன்ற முகப்பு. வழுக்கைத் தலை, காது மடல் போன்ற வளைந்த இடத்துக்கு உருண்டைகள் கோத்த ரப்பர் விரிப்பு. வளைவில் இலத்திரன் தடுமாறும் இடத்தில் இது ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வாரம் இரண்டு தடவையாக ஆறு அல்லது ஏழு தடவையில் முடிக்கும் முறைகள் உண்டு. கிண்ண வகைக்கு எல்லை இறுக்கமானது: இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அகலமோ, மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்போ இருந்தால் சரிவராது. இரிடியம் 74 நாளில் பாதியாகத் தேய்வதால் இடைவிடாது புதிதாக இறக்குமதி செய்யவும் வேண்டும். டொலர் இல்லாத காலத்தைப் பார்த்த நாட்டில் அது சின்ன விஷயமல்ல. இதையே கதிரியக்க மூலம் இல்லாமல் குட்டி எக்ஸ்-கதிர்க் குழாயால் செய்யும் வகையும் இருக்கிறது. நீண்டகால விளைவுகளுக்கான பதிவு இன்னும் குட்டையானது.

சிட்னி மச்சாளின் ரேனியம் பசையைச் சுருக்கமாக முடிக்கலாம். புற்றின்மேல் ஒரு மெல்லிய தாள், அதன்மேல் ரேனியம்-188 கலந்த பசை, ஒரே தடவை, வேலை முடிந்தது. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் போகும். 17 மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருள். கொழும்பில் இருந்துகொண்டு அதற்கு ஆசைப்படுவது நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் கதை.

நியூ ஜேர்சிக் காணொளிக்குச் சற்று அதிக இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் எல்லோரையும் மயக்கியது அதுதான். மேலே சொன்ன பழைய எக்ஸ்-கதிர்தான், கூடவே ஒவ்வொரு தடவையும் அல்ட்ராசவுண்டால் புற்றின் ஆழத்தைப் பார்க்கிறார்கள். யோசனை கெட்டதல்ல. ஆனால் இருபது தடவை அளவில் போக வேண்டும். 99 என்ற எண்ணோ, அந்தச் சிகிச்சையைச் செய்த இடங்களின் பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்துத் தொகுத்தது. சத்திரசிகிச்சையோடு நேருக்கு நேர் நிறுத்தி, ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த பரீட்சையில் வந்தது அல்ல. சின்னப் புற்றுகளாகப் பொறுக்கி எடுத்தால் எந்தக் கதிரும் நல்ல புள்ளி வாங்கும். அமெரிக்கக் கதிர்ப் புற்றுநோயியல் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, முறையாகச் செய்தால் முக்கிய கதிர் வகைகள் எல்லாம் புற்றை அடக்குவதிலும் தோற்றத்திலும் ஏறத்தாழ ஒரே பலனையே தருகின்றன என்கிறது. இதைப் படித்த பிறகு இயந்திரத்தின் பெயருக்காகச் சண்டை பிடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். தடிப்பு எவ்வளவு, இடம் வளைவா தட்டையா, எத்தனை தடவை போக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் கதிர் தானாகவே தெரிந்துவிடுகிறது.

எத்தனை தடவை என்பதை வைத்தியர்கள் கடைசியில் சொல்கிறார்கள். வீட்டுக்காரருக்கு அதுவே முதல் கேள்வி. வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைக்கு வந்து 138 பஸ் பிடித்தால் மஹரகம, புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் இடம். ஹைலெவல் வீதியில் நுகேகொடை நெரிசலில் ஒரு காலை போய்விடும். கதிரின் அளவை கிரே என்ற அலகில் சொல்வார்கள். ஐந்து தடவையில் 35 கிரே, பத்துத் தடவையில் 45, இருபது தடவையில் 50 அல்லது 55, ஆறு வாரத்துக்கு மேல் இழுத்து 60-க்கு மேல் என்று பல பாதைகள் உண்டு. புற்றைக் கொல்லும் சக்தியில் இவை கிட்டத்தட்டச் சமம். வித்தியாசம் பல வருடம் கழித்துத் தெரியும்: குறைந்த தடவையில் பெரிய அளவு கொடுத்தால் தோல் வெளிறுவதும் சிலந்தி நரம்புகள் தெரிவதும் கூடும். நம் நிறத்தில் வெள்ளைப் படை பளிச்சென்று தெரியும் என்பதை வெளிநாட்டுத் துண்டுப் பிரசுரங்கள் போதிய அளவு சொல்வதில்லை. அறுபது வயதுக்காரர் இருபது தடவை போய் வருவது நல்லது. எண்பது தாண்டியவரை இருபது நாள் பஸ்ஸில் ஏற்றுவது வைத்தியமா தண்டனையா? யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் இதற்காகக் கொழும்பில் அறை எடுக்குமுன் தெல்லிப்பழையில் விசாரிக்கலாம்; அங்கும் கதிர்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தனியாரென்றால் மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கதிரும் வேண்டாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. பேசல் செல் புற்றுகள் பல முளைக்கும் பரம்பரை நோயான கோர்லின் நோய், வெயில் பட்டாலே தோல் சிதையும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்குக் கதிரே புதிய புற்றை விதைக்கலாம். ஏற்கெனவே கதிர் வாங்கிய தோலுக்குத் திரும்பக் கொடுப்பது ஆபத்து. முழங்காலுக்குக் கீழே புண் ஆற நாளாகும். வயது குறைந்தவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானது. மீசைப் பகுதியில் கொடுத்தால் அந்த இடத்தில் மீசை திரும்ப முளைக்காமல் போகலாம். இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா வெட்டவே சம்மதித்துவிட்டார்.

பெரியம்மா பத்துத் தடவை இலத்திரன் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் ஆயத்தம் இருபது நிமிடம், கதிர் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நோகவில்லை. இரண்டாம் வாரம் மடல் சிவந்தது; எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் மோசமானது. தோல் உரிந்து, நீர் கசிந்து, பொருக்கு கட்டியது. புற்று திரும்பிவிட்டதென்று பயந்துபோனோம். முன்பே சொல்லியிருந்தார்கள்தான், சிகிச்சை முடிந்தபின் ஓரிரு வாரம் உச்சம், நாலு முதல் ஆறு வாரத்தில் ஆறும் என்று. கண்ணால் பார்க்கும்போது அது நினைவில் நிற்பதில்லை. ஐந்தாம் வாரம் பொருக்கு தலையணையில் உதிர்ந்து கிடந்தது. கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்.

மூக்குத்தி இன்னும் சுவாமி அறையில் திருநீற்றுத் தட்டில்தான். அடுத்த கிளினிக்கில் முதல் கேள்வி அதுதானாம். புற்றைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளட்டுமாம்.