உள்ளே உட்காரலாமா, வாசலோடு கிளம்பலாமா?

மாண்டிசோரியில் சேர்த்தாச்சு, பை வாங்கியாச்சு, அப்புறம்தான் இந்தக் கேள்வி வரும்: முதல் சில நாள் பிள்ளையோடு வகுப்பில் உட்காரலாமா, இல்லை வாசலிலேயே டாட்டா காட்டிவிட்டு வந்துவிடலாமா? நான் மூத்தவளுக்கு முதல் வழியையும் சின்னவனுக்கு இரண்டாவதையும் பார்த்துவிட்டேன், அதனால் இதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு.

கூட உட்காரும் முறைக்கு, காப்பகத்தில் சின்னக் குழந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் ஜெர்மனியின் பெர்லின் மாடல் நல்ல உதாரணம். முதல் 3 நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே ஒரு மணி நேரம்போல இருப்பார்கள், பிரித்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. நாலாம் நாள்தான் சொல்லிக்கொண்டு வெளியே போவார்கள், அதுவும் அதிகபட்சம் அரை மணி நேரம். அந்த நாள் திங்கட்கிழமையாக இருந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுவார்கள், ஏனென்றால் சனி ஞாயிறு முழுக்க வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த குழந்தை அது. ஒன்றரை, இரண்டு வயதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் 3 முதல் 6 வயது வரை கலந்து உட்காரும் மாண்டிசோரி அறையில் இதே வழி கொஞ்சம் இடிக்கிறது. அங்கே குழந்தை தானே ஷெல்ஃபில் இருந்து வேலைக்கான சாமான் வைத்த ஒரு தட்டை எடுக்க வேண்டும், பாயை விரிக்க வேண்டும், முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். மூலையில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கும்? மூத்தவள் ஒவ்வொரு தட்டையும் என் மடிக்கே கொண்டுவந்தாள். டீச்சரிடம் போகவே இல்லை, போக என்ன அவசியம்?

சின்னவனுக்கு வாசலோடு சரி, ஆனால் நேரத்தைக் குறைத்துக்கொண்டோம். முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு. மாண்டிசோரியில் தடை இல்லாமல் மூன்று மணி நேர வேலை என்பார்களே, அதைப் பற்றிக் கவலையே படவில்லை. நீர் ஊற்றுவது, கரண்டியால் தானியம் மாற்றுவது, பொத்தான் போடுவது என்று வீட்டில் பார்த்த வேலைகளில்தான் அங்கே ஆரம்பிப்பார்கள், அதற்கு ஒரு மணி நேரம் தாராளம். பத்து நிமிஷம் அழுதான், பிறகு பக்கத்துப் பெரிய பையன் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கப் போய்விட்டான். காலை முழுக்க அழுது, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருந்தால், கௌரவம் பார்க்காமல் முதல் வழிக்கே திரும்பியிருப்பேன்.

மூன்றாவதாக ஒரு வழி, பலரும் கைவிடாதது: பராக்குக் காட்டிவிட்டு நழுவுவது. அன்றைக்கு என்னவோ வசதிதான். ஆனால் அம்மா எந்த நிமிஷம் மறைவாள் என்று தெரியாத பிள்ளை மறுநாள் செருப்பு மாட்டும்போதே காலைக் கட்டிக்கொள்ளும்.

வாரத்தில் 3 நாள் போதுமா, 5 நாளும் அனுப்பலாமா? மூன்று நாள் இதமாகத் தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் பழையபடி முதல் நாளாகிவிடுகிறது. இந்த வயதில் ஒழுங்குக்கான ஏக்கம் அதிகம் என்று இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே சொல்லியிருக்கிறார், எல்லாம் அதே இடத்தில், அதே வரிசையில் நடக்க வேண்டும். நீளமான 3 நாளைவிடக் குட்டியான 5 நாளே மேல்.

சேர்க்கும்போது பள்ளியில் ஒன்று கேளுங்கள்: புதுசுகள் எல்லாரும் ஒரே நாளா, நாலைந்து பேராகவா? பழைய பிள்ளைகள் முதலில் வந்து அமர்ந்தபின் புதியவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் பள்ளி என்றால் பாதி வேலையைப் பெரிய பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். இருபது பேர் ஒன்றாக அழும் அறையில் எந்த முறையும் எடுபடாது.

வீட்டில் பழக்குவதற்கென்று மாண்டிசோரி சாமான் வாங்க வேண்டாம். செருப்பை மாட்டவும், எலாஸ்டிக் வைத்த டவுசரைத் தானே இறக்கி ஏற்றவும் பழக்கினால் போதும்.

அப்புறம், முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன பிள்ளை மூன்றாம் வாரம் அழுதால் பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது என்று உடனே பதற வேண்டாம், சளிக்காக இரண்டு நாள் லீவு போட்டாலே அப்படி ஆகும். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மறுபடி ஒரு மணி நேரத்துக்கு இறங்கி அங்கிருந்து ஏறுங்கள். சின்னவனுக்கு இரண்டு முறை அப்படி இறங்கினோம்.